தாயத்தில் இருந்தது

உடம்பு தேறி நான் மறுபடி வெளியே நடமாட ஆரம்பித்ததிலிருந்து, பூக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் யாராவது ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "எப்டிம்மா இருந்துச்சி அப்போ?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. மீதிப் பேருக்கு வேடிக்கை. இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் அப்பாவும் எழுதச் சொன்னார். "என்னையும் சேத்து எழுது கோமதி, எதையும் மறைக்காதே" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில், பட்டுப் புடவைக் கரைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை. கடைக்காரர் யாராவது ஒரு புடவையைக் கொண்டுவந்து போடுவார். அதன் கரையை ஸ்கேன் செய்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, அதே யானையும் அதே அன்னமும் அச்சு அசலாக வரும்படி செய்து தருவேன். நாசூக்காக டிசைன் வேலை என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் காப்பியடிக்கும் வேலை.

மேஜை விளிம்பு தொடையில் லேசாக இடித்தால்கூடக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. பல் துலக்கினால் நுரையெல்லாம் சிவப்பு. மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அம்மா பித்தம் என்றாள், உஷ்ணம் என்றாள், மாதுளம்பழமாக வாங்கி உரித்துக் கொட்டினாள். ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று இன்னொரு தடவை எடுத்தார். இரண்டாவது முறையும் அதே முடிவு வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "நாளைக்கே மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க சார்" என்றார்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை. ரத்த நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஒரு அம்மாள். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி, உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அதனால் தோல் வலிக்காது. ஆனால் உள்ளிருந்து உறிஞ்சும்போது, காலை யாரோ உடம்பிலிருந்து உருவி எடுப்பதுபோல ஒரு இழுப்பு இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்த மருந்தும் கிடையாது. அந்த மேஜையின் கம்பியைக் கடித்துவிடலாமா என்று பார்த்தேன்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். "உடம்புல ரத்தம் உற்பத்தி ஆகற இடம் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை. அதுல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்குது. வாழைக்குக் குருத்து மாதிரின்னு வெச்சுக்கோ. இலையை அறுத்தாலும் குருத்து இருந்தா மறுபடி இலை விடும். உனக்குக் குருத்தே பட்டுப்போச்சு." சிவப்பணு இல்லாததால் மூச்சு வாங்கியது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு இல்லாததால் ஈறு கசிந்தது. நோயோடு சண்டை போடும் வெள்ளணு இல்லாததால், இனிமேல் ஒரு சாதாரணச் சளிகூட என்னைக் கொன்றுவிடலாம். இது புற்றுநோய் இல்லை என்று அவர் சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா அந்தக் கும்பிடை ஏற்றுக்கொள்ளவில்லை. "இதுவும் லேசுப்பட்டது இல்லம்மா" என்றார்.

அந்தக் காத்திருப்புக் கூடத்தில்தான் தேவியைச் சந்தித்தேன். மாகறல் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளுக்கும் இதே வியாதி. எங்களுக்கு ஒரே நாளில் ரத்தம் ஏற்றுவார்கள். வாயில் முகமூடியோடு எதிரெதிரே உட்கார்ந்து, "உனுக்கு எந்த ஊர் ரத்தம்க்கா வந்துருக்குது? எனக்கு எவனோ குடிகாரன் ரத்தம் போல, தலை சுத்துது" என்பாள். சிரித்தால் ஈறு கசியும் என்று தெரிந்தும் என்னைச் சிரிக்கவைப்பாள்.

அவள் அப்பா முனுசாமி டிராக்டர் ஓட்டுகிறவர். தாயில்லாத ஒரே பெண் தேவி. என் அப்பா ராமலிங்கம் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவர் அப்பா முன்னால் உட்காரவே இல்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். "உக்காருப்பா முனுசாமி" என்று அப்பா எத்தனை தடவை சொன்னாலும், "இருக்கட்டும் வாத்தியாரய்யா" என்று சுவரோரம் நிற்பார். டாக்டர் சொன்னதை அப்பாவிடம் வந்து ஒப்பிப்பார். அப்பா தலையாட்டினால்தான் அவருக்கு அது நிஜம்.

எனக்கு டாக்டரம்மா முதலில் சொன்ன வழி, பொருத்தமான ஒருவரின் மஜ்ஜையை எனக்கு ஏற்றுவது. கூடப் பிறந்தவர்களுக்குத்தான் பொருந்த வாய்ப்பு அதிகம், அதுவும் எல்லோருக்கும் அல்ல. என் தங்கை சுமதியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பொருந்தியது. உடனே எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மருத்துவ ஞானம் வந்துவிட்டது. "கண்ணாலம் ஆவப்போற பொண்ணு, அதும் எலும்புல இருந்து எடுத்துட்டா நாளைக்கி அது புள்ள பெத்துக்குமா?" என்று அத்தை அழுதாள். டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சுமதியிடம் தனியாகப் பேசினார். எடுத்த மஜ்ஜை கொஞ்ச நாளில் தானாக ஊறிவிடும் என்று விளக்கிவிட்டு, "உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு. பொருந்தலைன்னு உங்க வீட்டுல நானே சொல்லிடறேன். நிஜக் காரணம் யாருக்கும் தெரியாது" என்றாராம். சுமதி ஊசியைப் பார்த்தாலே ஓடுகிறவள். வெளியே வந்து என்னிடம், "ஒரு நிமிஷம் யோசிச்சேன்க்கா, பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் சம்மதித்ததைவிட அந்த ஒரு நிமிஷத்தை மறைக்காமல் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் அப்பா தயங்கினார். புது மஜ்ஜை ஏற்றுவதற்கு முன்னால் கடுமையான மருந்து கொடுத்து, மிச்சமிருக்கும் பழையதை அழிக்க வேண்டும். அதில் எல்லோரும் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் எனக்குக் குழந்தை பிறக்காமல் போகலாம். டாக்டரம்மா இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஐயங்கார்குளம் பக்கம் இருந்த மனையைச் செலவுக்காக விற்பதில் அவருக்குத் தயக்கமில்லை. மகளுக்கு இனி கல்யாணப் பேச்சே இல்லை என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

தேவிக்குப் பொருத்தம் பார்க்கக் கூடப் பிறந்தவர்களே கிடையாது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு மருந்து இருக்கிறது, அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவமனையில் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அது வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

இங்கேதான் தாயத்து வருகிறது. குழந்தைக்குத் தொப்புள் கொடி காய்ந்து விழுந்ததும் அதை எடுத்து வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து, அரைஞாணில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. வெளிநாட்டில் ஒரு ஆட்டின் செல்லிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஆட்டை உண்டாக்கினார்கள் என்று செய்தி வந்த காலத்திலிருந்தே, எங்கள் தெருக் கோடியில் நடக்கும் மாதாந்தரக் கூட்டத்தில் அவர் அதைப் பற்றித்தான் பேசுவார். "தொப்புள் கொடியில ஸ்டெம் செல் இருக்குதுன்னு அவன் இன்னிக்குக் கண்டுபிடிக்கிறான். நம்ம ஆளு அதை என்னிக்கோ தாயத்துல போட்டு இடுப்புல கட்டிட்டான்" என்பார். கைதட்டல் விழும். மருத்துவமனைக் கூடத்தில் முனுசாமிக்கும் இந்தச் சொற்பொழிவு நடந்தது. அவர் வாய் திறந்தபடி கேட்டார்.

அப்பா டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். பீரோவிலிருந்து எடுத்துவந்த என் தாயத்தை மேஜைமேல் வைத்தார். டாக்டரம்மா கோபப்படவில்லை. பிள்ளை பிறந்தவுடனே கொடியிலிருக்கும் ரத்தத்தை எடுத்துக் கடும் குளிரில் உறைய வைத்தால்தான் அந்த செல் உயிரோடிருக்கும் என்றார். "இது காஞ்சு போச்சு சார். வத்தல் போட்ட கத்திரிக்காயை நட்டா செடி வருமா?" அப்பாவின் முகம் சுண்டிப்போனது. ஒரு வாத்தியாரை இன்னொருவர் திருத்தினால் அது அவ்வளவு லேசில் ஆறாது.

அந்த வாரமே ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. சென்னையில் புதிதாக ஒரு ஸ்டெம் செல் கிளினிக். நீரிழிவு, பக்கவாதம், ரத்த நோய் எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டாம். மருந்தில்லை, அறுவை இல்லை, முடி கொட்டாது. அப்பா போய்த் தாயத்தைக் காட்டினார். அங்கே இருந்த டை கட்டிய ஆள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நம்ம முன்னோர் எவ்ளோ பெரிய ஞானிங்க பாருங்க சார்" என்றாராம். எங்கப்பாவை வளைக்க அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. திரும்பி வந்தவர் பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். முனுசாமியிடமும் சொன்னார். முனுசாமி ஊருக்குப் போய்த் தேவியின் தாயத்தை எடுத்துவந்தார். குதிரை மருந்துக்காகக் காத்திருந்த படுக்கையைக் காலி செய்துகொண்டு இருவரும் கிளம்பினார்கள். எனக்கு அதில் மனசில்லை என்று தேவிக்குத் தெரியும். போகும்போது, "நீ உன் தங்கச்சிய நம்பு, நான் என் இடுப்புக் கயித்த நம்பறேன், யார் மொதல்ல வேலைக்குப் போறாங்கன்னு பாக்கலாம்க்கா" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து எங்களையும் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவின் வற்புறுத்தலில், வாடகைக் காரில் நான், அப்பா, அம்மா மூவரும் போனோம். குளிரூட்டிய அறை, மல்லிகை வாசனை, எல்லோரும் புன்னகைத்தார்கள். டை கட்டியவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்பில் வட்ட வட்டமாக எதுவோ மிதந்தது. "உங்க பொண்ணோட செல்லுங்க சார். தாயத்துலேந்து எடுத்து வளத்தது. லட்சக்கணக்குல வந்திருக்குது. ஊசியா போட்டுட்டா உள்ள போய் தானே வேலை செய்யும்." அப்பாவின் கண் கலங்கியது. என் தோளில் கை வைத்தார்.

அம்மா கேட்டாள். "இதெல்லாம் அந்தத் தாயத்துக்குள்ள இருந்ததுலேர்ந்தே வந்ததாங்க?"

"ஆமாம்மா."

"வேற எதுலேந்தும் எடுக்கலியே?"

"வேற எதுல எடுக்க முடியும்? அவங்க கொடிதானே வேணும்?" என்று சிரித்துவிட்டு, அவர் ஊசிக்கு ஏற்பாடு செய்ய உள்ளே போனார்.

அம்மா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "ஏங்க, எழுந்திருங்க. போலாம். அதுல இருந்தது கொடி இல்ல. வசம்பு."

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். நான் பிறந்து ஒரு வாரத்தில் கொடி விழுந்ததாம். துணியோடு துணியாகப் போட்டு அலசியபோது சாக்கடையில் போய்விட்டதாம். மாமியாருக்குத் தெரிந்தால் அவளைத் தொலைத்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்புக்கா பஞ்சம்? சுட்டு உரசிய வசம்பில் ஒரு துண்டைக் கிள்ளிக் காயவைத்து, இதுதான் கொடி என்று தட்டானிடம் கொடுத்து அடைத்துவிட்டாள். "சாவற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வசம்புக்கு உசிரு வந்துடுச்சின்னு இவன் சொல்றானே, இனிமே எப்டி வாய மூடிக்கினு இருக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. முகமூடிக்குள் ஈறு கசிந்து உப்புக் கரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவருடைய முதல் கோபம் அந்த டை கட்டியவர் மேல் வரவில்லை, அம்மா மேல் வந்தது. "இத்தினி வருஷம் என்னை ஏமாத்திக்கினு இருந்தியா?" என்றார். பிறகு அவருக்கே உறைத்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அந்த ஊசியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

காரில் ஏறியதும் எனக்குத் தேவி நினைவு வந்தது. அவளுக்கு ஊசி அடுத்த வெள்ளிக்கிழமை. "அப்பா, முனுசாமி அண்ணனுக்கு உடனே சொல்லணும்" என்றேன். "சொல்லிடறேன்மா" என்றார். அன்று சாயங்காலம் முனுசாமி வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்கு போன் செய்யப் போனார். திரும்பி வந்தவரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். "பேசிட்டேன்" என்றார்.

அப்புறம் அப்பா மறுபேச்சில்லாமல் சம்மதிக்க, சுமதியின் மஜ்ஜையை ஏற்றுவதற்காக என்னை மருத்துவமனையில் தனியறையில் சேர்த்தார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நான், வெளியே உலகம். மருந்து ஏறத் தொடங்கியதும் முடி தலையணையோடு வந்தது. வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்குவது முள்ளை விழுங்குவதாக இருந்தது. அதற்கு முன்பு சாவைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்த அறையில் யோசிக்கவில்லை. அடுத்த வாய்த் தண்ணீரை எப்படி இறக்குவது என்பது ஒன்றுதான் கவலை. பயமும் அசதியும் ஒரே உடம்பில் ரொம்ப நேரம் சேர்ந்து இருக்க முடியாது, அசதிதான் ஜெயிக்கும்.

சுமதியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததை ஒரு பையில் கொண்டுவந்து மாட்டினார்கள். ஏதோ பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சாதாரண ரத்தப் பை மாதிரி சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தது. அவ்வளவுதான். எலும்புக்கு வழி தெரிந்து அந்த செல்கள் தாங்களாகவே போய்ச் சேர்ந்துவிடுமாம். பிறகு காத்திருப்பு. காய்ச்சல் வந்தது, போனது, வந்தது. அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று, எனக்காகக் குழைய வேகவைத்த கஞ்சியைத் தானும் ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டு, நான் ஒரு வாய் குடித்தால் அவள் ஒரு வாய் குடிப்பாள். நான் நிறுத்தினால் அவளும் பட்டினி. அந்த மிரட்டலில்தான் நான் சாப்பிட்டேன். சுமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டி, "என் சரக்கு எப்டி ஓடுதுக்கா?" என்று சைகையில் கேட்பாள். அப்பா மட்டும் தள்ளி நிற்பார். தேவியைப் பற்றிக் கேட்டால், "ஊருக்குப் போய்ட்டாங்களாம்" என்பார்.

ஒருநாள் வெள்ளணு தலைகாட்டியது. டாக்டரம்மா உள்ளே வந்து, "குருத்து விட்டிருக்குது" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. என் ரத்த வகைகூட மாறிப்போய் இப்போது சுமதியின் வகைதான் எனக்கும். குழந்தை பற்றி டாக்டரம்மா எச்சரித்தது நடந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநாள் கழித்து அம்மா சொன்னாள், தேவி இறந்துவிட்டாள் என்று. ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்து, ஊரிலேயே போய்விட்டாளாம். ஊசியால்தான் போனாள் என்று நான் சொல்ல முடியாது. அவளுக்கு வரவேண்டிய மருந்து வராமல் போனது என்று மட்டும் சொல்ல முடியும். வசம்புக் கதை தெரிந்தும் அவர்கள் ஏன் போனார்கள், வேறு நாதியில்லை என்று போனார்களா என்றெல்லாம் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டபோது அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். மாதாந்தரக் கூட்டத்துக்கும் அவர் போவதில்லை.

போன வருஷம் பங்குனியில் ஒரு காலை, முனுசாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "நல்லாக்கீறியாமா. உன்னப் பாத்ததே போதும், எம்பொண்ணப் பாத்த மாதிரி இருக்குது" என்றார். அப்பா நாற்காலியைக் காட்டினார். வழக்கம்போல, "இருக்கட்டும் வாத்தியாரய்யா" என்று சுவரோரம் நின்றுகொண்டார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களாண்ட ஒண்ணு கேட்டுக்கினு போலாம்னு வந்தேங்கய்யா" என்றார். "தேவி தாயத்துலேந்து எடுத்த செல்லு இன்னும் ஐஸ்ல இருக்குதாம். வருசா வருசம் அதுக்குக் கட்டிக்கினு வரேன். சீமையில ஒரு ஆட்டுலேந்து அதே மாதிரி இன்னொரு ஆடு பண்ணாங்கன்னு நீங்கதான ஆஸ்பத்திரில சொன்னீங்க? ஆட்டப் பண்ணவன் மனுசன பண்ண மாட்டானா? கிளினிக்குல கேட்டேன், கூடிய சீக்கிரம் வந்துரும்னு சொல்றாங்க. எம்பொண்ணு வருவான்னா, நான் எத்தினி வருசம் வேணாலும் கட்றேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா எனக்குப் போதும்."

ஒரே கரையை நூறு புடவைக்கு வரைந்து கொடுத்தவள் நான். கரை ஒன்றாக இருக்கலாம். கட்டிக்கொண்டு போகிறவள் வேறு. அப்படியே ஒரு குழந்தையை உண்டாக்கினாலும் அது இவரை யாரென்றே தெரியாமல் பார்க்கும். குடிகாரன் ரத்தம் என்று அது ஜோக் அடிக்காது. இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அப்பா எழுந்து நின்றார்.

"ஐஸ்ல உன் பொண்ணு இல்ல முனுசாமி. அது வரவே வராது. இனிமே ஒரு பைசா கட்டாதே" என்றார். வசம்புக் கதையை முழுசாகச் சொன்னார். தாயத்தில் கொடியே இல்லாதபோதும் செல் வளர்ந்திருக்கிறதென்று அவர்கள் படம் காட்டியதைச் சொன்னார்.

முனுசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "இது எப்போ தெரிஞ்சுதுங்கய்யா?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அன்றைக்கே போனில் சொன்னேனே முனுசாமி, மறந்துட்டியா என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"தேவிக்கு ஊசி போடறதுக்கு முன்னாடியே" என்றார் அப்பா. "சொல்லத்தான் போன் பண்ணேன். கடைக்காரர் உன்னக் கூப்ட்டார். நீ வந்து எடுத்தே. தேவி எப்டி இருக்கான்னு கேட்டேன். 'உங்க புண்ணியத்துல நல்லாக்கீறா வாத்தியாரய்யா'ன்னே. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல. வெச்சிட்டேன்."

முனுசாமி சுவரை விட்டு நகர்ந்து வந்து, அப்பா காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"ஆமா, போன் வந்துச்சி" என்றார். "வாத்தியாரு உன்ன விசாரிச்சாருன்னு அவளாண்ட சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டா."

அப்பா நின்றுகொண்டிருந்தார்.